கொல்லிமலைப் பாட்டி

எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர். ஊர் சந்தடிக்கு எட்டாத மலைமேல் ஒரு சிறு வீடு. ஒருநாள் அவர் கீழே விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டால் ஓடிவர அருகில் யாரும் இல்லை. இரவு முழுவதும் தரையில் கிடந்தபடியே வலியைப் பொறுத்துக்கொண்டார்.

பொழுது விடிந்து, வேலையாள் ஒருவர் வந்து பார்த்த பிறகுதான் செய்தி வெளியே தெரிந்தது. நான்கு பேர் சேர்ந்து அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மலைப் பாதை வழியாகச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். கீழே ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். அதன்பின் குண்டும் குழியுமான சாலையில் சுமார் நூற்றைம்பது மைல் பயணம். முறிந்த எலும்போடு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மூதாட்டியின் மகன் உலகப் புகழ் பெற்றுவந்த ஓர் அறுவை சிகிச்சை நிபுணர். வேலூர் ஆஸ்பத்திரியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தாயை அருகில் வைத்துக் கவனிக்க அவருக்கு வசதி இல்லாமல் இல்லை. ஆனால் தாயோ, எலும்பு கூடியதும் மீண்டும் மலைக்கே ஏறிவிட்டார். அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலையிலேயே வாழ்ந்தார்.

யார் அந்த அம்மையார்? அவர்தான் எவலின் பிராண்ட். மலைமக்களுக்கு அவர் பாட்டி.

சீமையில் பிறந்த செல்வ மகள்

எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை வசதி படைத்த வணிகர். பெரிய குடும்பம். குறை என்பதே தெரியாத வாழ்வு. எவலினுக்கு ஓவியத்தில் நாட்டம். முறையாகச் சித்திரக்கலை பயின்றார். அழகிய உடைகளில் ஆசை கொண்ட இளம்பெண்ணாக வளர்ந்தார்.

தமிழ்நாட்டிலிருந்து சென்றிருந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞரின் பேச்சை லண்டனில் கேட்டதுதான் அவருடைய வாழ்வின் திருப்பம். ஜெஸ்ஸி கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்தவர். 1907-ம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்தவர். வரும்முன் ஓராண்டு வைத்தியப் பயிற்சியும் பெற்றிருந்தார். வைத்தியர் எட்டிப் பார்க்காத கொல்லிமலையைப் பற்றியும், அங்கே காய்ச்சலில் மடியும் மக்களைப் பற்றியும் அவர் எடுத்துச் சொன்னார்.

1911-ம் ஆண்டு எவலினும் மிஷன் பணிக்காகச் சென்னை வந்து சேர்ந்தார். இரண்டாண்டு கழித்து, 1913 ஆகஸ்டில், கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 34. மணமகனுக்கு 28.

மழையில் ஒரு மலையேற்றம்

கொல்லிமலை சங்க காலத்திலேயே பெயர் பெற்ற மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆனால் சமவெளி மக்களுக்கு அதன் பெயரைக் கேட்டாலே கிலி. மலையில் ஓர் இரவு தங்கினால் மலைக்காய்ச்சல் பற்றிக்கொள்ளும் என்று அஞ்சினார்கள். அச்சம் வீண் அல்ல. மலேரியா அங்கே குடிகொண்டிருந்தது.

இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளில் பஸ் ஏறிச் செல்கிறது. அன்று வண்டிப் பாதையே கிடையாது. செங்குத்தான ஒற்றையடித் தடம் ஒன்றுதான். நடக்க வேண்டும், இல்லையேல் டோலியில் போக வேண்டும்.

திருமணம் முடிந்த கையோடு தம்பதி மலையேறினார்கள். கொட்டும் மழை. மணப்பெண்ணின் வெண்ணிற உடை நனைந்து, சேறு படிந்து, உருக்குலைந்தது. இப்படித்தான் சீமைச் சித்திரக்காரி கொல்லிமலைக்குக் குடிபோனார். வாழவந்தி நாட்டில், இன்றைய செம்மேட்டை அடுத்த பகுதியில், அவர்களுடைய வாழ்க்கை தொடங்கியது.

ஜெஸ்ஸிக்குத் தச்சு வேலை தெரியும். கட்டட வேலை தெரியும். குடியிருக்க மரவீட்டைத் தாமே கட்டினார். காலையில் வாசலில் நோயாளிகள் வந்து நிற்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், சொத்தைப் பல்லைப் பிடுங்குவதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் இருவருக்கும் அன்றாட வேலை. பள்ளிகள் வைத்தார்கள். ஆரஞ்சு பயிரிட்டார்கள். மலைமக்களுக்குப் புதிய தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். 1914-ல் மகன் பால் பிறந்தார். பின்னர் மகள் கான்ஸ்டன்ஸ் பிறந்தார். குழந்தைகள் இருவரும் மரம் ஏறி, தமிழ் பேசி, மலைக் குழந்தைகளாகவே வளர்ந்தார்கள்.

கஞ்சியே மருந்தானது

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918-ல், இன்ஃபுளுயன்சா காய்ச்சல் உலகத்தையே உலுக்கியது. கொல்லிமலையையும் அது விட்டுவைக்கவில்லை. வீடு வீடாக மக்கள் படுத்தார்கள். அடுப்பு மூட்ட ஆள் இல்லை. தண்ணீர் கொடுக்கவும் கை இல்லை.

அந்தக் காய்ச்சலைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகத்தில் எந்த டாக்டரிடமும் இல்லை. பிராண்ட் தம்பதி என்ன செய்தார்கள்? பெரிய அண்டாக்களில் அரிசிக் கஞ்சி காய்ச்சினார்கள். குதிரையில் ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டு போனார்கள். படுத்துக் கிடந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்தார்கள்.

அதுவரை அவர்களை அண்டவிடாமல் எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் அந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். வேறு யாரும் அருகே வர அஞ்சிய நேரத்தில் பிராண்ட் தம்பதிதான் போய்ப் பார்த்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் பச்சைக் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரோடு அந்தப் பெண்குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

நர்ஸ் தொழிலின் முதல் பாடம் இதுதான். மருந்து இல்லாத இடத்திலும் பராமரிப்பு உண்டு. நோயைத் தீர்க்க முடியாதபோதும் நோயாளிக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வாய்க்குக் கஞ்சி, உடம்புக்குச் சுத்தம், பக்கத்தில் ஓர் ஆள்: இந்த மூன்றும் உயிரைப் பிடித்து வைக்கும்.

இரண்டாவது பாடம் கிணற்றில் இருந்தது. நரம்புச் சிலந்தி என்ற நோய் அன்று மலையில் பலரை வாட்டியது. இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளிலும் குட்டைகளிலும் உள்ள நுண்ணிய நீர்ப்பூச்சிகள் வழியாக அந்தப் புழு உடலுக்குள் போகும். ஓராண்டு கழித்து, காலில் கொப்புளமாகி, நூல் போல வெளியே வரும். அந்தக் காலோடு ஒருவர் கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் மறுபடி நீரில் கலக்கும். இதற்கு மருந்து இல்லை. ஆனால் துணியால் நீரை வடிகட்டினால் போதும். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யாரும் கால் வைக்காதபடி செய்தால் போதும். பிராண்ட் தம்பதி இதையே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள். பல்லாண்டு கழித்து இந்தியா முழுவதும் நரம்புச் சிலந்தியை ஒழித்ததும் இதே வழியில்தான். வைத்தியரிடம் உள்ள அறிவு வீட்டுப் பெண்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நோய் ஒழியும் என்பதற்கு இது நல்ல சான்று.

தனிமை

1923-ம் ஆண்டு குடும்பம் இங்கிலாந்து சென்றது. குழந்தைகளைப் படிப்புக்காக அங்கே உறவினரிடம் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அதன்பின் தந்தையை அவர் காணவே இல்லை.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸியைக் கருநீர்க் காய்ச்சல் தாக்கியது. மலேரியா முற்றுவதால் வரும் கொடிய நோய் அது. 44 வயதில் அவர் காலமானார். மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இறந்த செய்தி தந்தியில் லண்டனுக்குப் பறந்தது. அவர் முன்னதாக எழுதி அனுப்பிய கடிதம் அதற்குப் பிறகுதான் மகனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எவலினுக்கு அப்போது வயது 50. கணவர் இல்லை, பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். ஊர் திரும்பி, ஓவியம் தீட்டிக்கொண்டு, வசதியாகக் காலம் கழித்திருக்கலாம். அவரோ தம் நாட்டுக்குப் போய்விட்டு மறுபடியும் தமிழ்நாட்டுக்கே வந்தார். கொல்லிமலையோடு சேர்த்து ஐந்து மலைத் தொடர்களிலும் பணியாற்ற வேண்டும் என்பது கணவரும் மனைவியும் கண்ட கனவு. பச்சைமலையும் கல்வராயன்மலையும் அவற்றில் அடங்கும். பாதிக் கனவில் கணவர் போய்விட்டார். மீதி அவர் பொறுப்பு.

ஓய்வு கொடுத்தார்கள், அவர் எடுக்கவில்லை

எவலின் அம்மையார் எழுபதை நெருங்கியபோது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. வயதாகிவிட்டது, இனி மலை வேண்டாம் என்றார்கள். இன்னும் ஓராண்டு மட்டும் மலையில் இருக்க அனுமதி கேட்டார். கிடைத்தது. ஓராண்டு முடிந்ததும் வழியனுப்பத் தோழர்கள் வந்தார்கள். அப்போதுதான் அவர் தம் தீர்மானத்தை வெளியிட்டார். மிஷன் வேலையை விட்டு விலகிவிட்டதாகவும், மலையை விட்டுப் போகப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

அதன்பின் ஒரு மட்டக்குதிரையே அவருக்குத் துணை. மலைத்தொடர் மலைத்தொடராகச் சென்றார். சிற்றூர்களில் கூடாரம் அடித்துத் தங்கினார். தம் மதத்தைப் போதித்தார், புண்ணுக்கு மருந்து போட்டார், பல் பிடுங்கினார். குதிரையிலிருந்து விழுந்ததும் பல முறை. தலையில் அடிபட்டது. விலா எலும்பு முறிந்தது. முதுகெலும்பு பழுதுபட்டு நரம்பு நசுங்கி, கால்கள் பாதி செயலற்றுப் போயின. மலேரியாவும் விட்டபாடில்லை. தம்மைவிட உயரமான இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி, பாதம் தரையில் இழுபடாமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்.

இந்த நிலையில்தான் இடுப்பு எலும்பு முறிந்தது.

மகனும் தாயும்

மகன் டாக்டர் பால் பிராண்ட் 1946-ம் ஆண்டின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, உழைக்கும் கைகளாக மாற்றிக் காட்டியவர்.

தாயின் வீட்டுக்கு அவர் நேரில் போனார். மண்சுவர் வீடு. பக்கத்தில் டாக்டர் இல்லை. உதவி வந்து சேர ஒருநாள் ஆகும். மறுபடி விழுந்தால் என்ன ஆவது? ஒரு மகனாகவும் ஒரு டாக்டராகவும் அவர் வாதாடினார். முறிந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். தாய் அசையவில்லை. தாம் போய்விட்டால் இந்த மக்களுக்கு வைத்தியம் பார்க்கவும் நல்லது கெட்டது சொல்லவும் யார் இருக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடம்பைப் பத்திரமாக வைத்திருந்து என்ன லாபம் என்பது அவர் கட்சி.

இருவரில் யார் சொன்னது சரி?

மகன் சொன்னது பொய்யல்ல. மறுபடி விழுவதற்கான எல்லாக் காரணங்களும் அங்கே இருந்தன. தாய் சொன்னதும் பொய்யல்ல. மலையை விட்டு இறக்கினால் எலும்பு ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் எவலின் பிராண்ட் இருந்திருக்க மாட்டார். இன்றும் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே வழக்கு நடக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகள் வந்து கூப்பிடுகிறார்கள். கிராமத்துத் தாய், மாட்டையும் தோட்டத்தையும் திண்ணையையும் விட்டு வர மறுக்கிறார்.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு வழி உண்டு. முதியவரைப் பராமரிப்பு இருக்கும் இடத்துக்கு இறக்குவதை விட்டுவிட்டு, பராமரிப்பை முதியவர் இருக்கும் இடத்துக்கு ஏற்றுவது. அதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற நர்ஸ்.

வீடு தேடிப் போகும் நர்ஸ்

இந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர் இருந்தார். 1859-ல் அவருடைய மனைவி நோயுற்று இறந்தார். கடைசி நாட்களில் மனைவியைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் மேரி ராபின்சன் செய்த பணிவிடை அவர் மனத்தைத் தொட்டது. பணக்காரருக்குக் கிடைத்தது ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்று எண்ணி, அதே நர்ஸை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். தேவை கடல்போல் இருந்தது; நர்ஸோ ஒருவர்தான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரிடம் யோசனை கேட்டார். முறையாகப் பயிற்சி கொடுப்பதே வழி என்ற முடிவு பிறந்தது. 1862-ல் லிவர்பூலில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி எழுந்தது. வீடுதேடிச் செல்லும் நர்ஸ் முறைக்கு அதுவே கால்கோள்.

தமிழ்நாட்டில், டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றிய அதே வேலூரில், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-லேயே நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார். 1946-ல் அது பட்டப் படிப்பாக உயர்ந்தது. பிற்காலத்தில் அரசாங்கமும் கிராமந்தோறும் கிராம சுகாதார நர்ஸ்களை அமர்த்தியது. மலைப் பகுதிகளில் மூவாயிரம் பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பேணுவதே அவர்களுடைய தலையாய வேலையாக இருந்தது. பிரசவ மரணங்கள் குறைந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதே வீட்டில், அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியைப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை. அதற்கான பயிற்சியும் போதவில்லை.

2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர் முதியவர். முதியோர் நலத்துக்கென்றே ஒரு தேசியத் திட்டம் 2010-ல் பிறந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்ஸும் உடலியக்கப் பயிற்சியாளரும் வீட்டில் வந்து பார்ப்பதும் அதில் அடங்கும்.

நர்ஸ் கற்க வேண்டியது என்ன?

எவலின் அம்மையாரின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போயிருந்தால் எதை எதையெல்லாம் பார்த்திருப்பார்?

முதலில், விழுவதற்கு முன்பே போயிருப்பார். முதியவரை நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, பத்தடி தூரம் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார். அதற்குப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆனால், விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம். கருவி வேண்டாம், கைக்கடிகாரம் போதும். உட்கார்ந்து பார்த்த ரத்த அழுத்தத்தை நிற்க வைத்தும் பார்ப்பார். சிலருக்கு எழுந்தவுடன் அழுத்தம் சரேலென்று இறங்கித் தலைசுற்றும். படுக்கையிலிருந்து எழும்போது சற்று விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். வாசற்படியில் வெளிச்சம் இருக்கிறதா, குளிக்கும் இடத்தில் வழுக்குகிறதா, கண்ணில் புரை விழுந்திருக்கிறதா, கைத்தடி சரியான உயரமா என்று பார்ப்பார். பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் சிறு பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொல்வார். கேழ்வரகும் சாமையும் விளையும் மலையில், கஞ்சியோடு பருப்பும் முட்டையும் சேர்த்தால் தசை தளராது என்பதை எடுத்துச் சொல்வார்.

வயதான உடம்பு ஏமாற்றும் உடம்பு. தண்ணீர் வற்றினாலும் தாகம் எடுக்காது. உள்ளே கிருமி புகுந்தாலும் காய்ச்சல் தெரியாது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று திடீரென்று பிதற்றினால், அதை மூப்பு என்று தள்ளிவிடக் கூடாது. சிறுநீர்த் தாரையிலோ நுரையீரலிலோ நோய் தொடங்கியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கும் கண் பயிற்சியால்தான் வரும்.

படுக்கையில் விழுந்துவிட்டவருக்கு இன்னொரு எதிரி உண்டு. அதுதான் படுக்கைப் புண். இங்கேதான் மகன் கண்டுபிடித்த உண்மை தாயின் கதையோடு வந்து சேர்கிறது. தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அது தவறு என்று டாக்டர் பால் பிராண்ட் காட்டினார். உணர்ச்சி மரத்த காலில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கிறது. வலி தெரியாததால் நோயாளி காலை மாற்றி வைப்பதில்லை. அதனால் சதை சாகிறது. மென்மையான ரப்பர் செருப்பால் அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் புண் வராது. வலி என்பது மனிதனுக்குக் காவல்காரன் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன செய்தி.

படுக்கைப் புண்ணுக்கும் மூலம் அதே அழுத்தம்தான். எலும்புக்கும் பாய்க்கும் நடுவே தோல் நசுங்குகிறது, ரத்தம் ஓடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டும். இடுப்பிலும் பிட்டத்திலும் குதிகாலிலும் நாள்தோறும் பார்க்க வேண்டும். நம்மவரின் கரிய தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே தொட்டுப் பார்த்துச் சூட்டையும் கடினத்தையும் அறிய வேண்டும்.

நர்ஸ் வாரத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் புரட்டிப் படுக்க வைப்பது யார்? மருமகளும் மகளும் பேரனும்தான். ஆகவே நர்ஸுக்குக் கொடுக்கும் பயிற்சியில் பாதி, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும். கிணற்று நீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்த எவலின் அம்மையாரின் வழியும் அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. இந்த முதியவர் எதைச் செய்ய ஆசைப்படுகிறார்? கோவிலுக்கு நடக்கவா, கொல்லையில் கீரை பறிக்கவா, பேரக்குழந்தையைத் தூக்கவா? அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு வழி செய்வதே பராமரிப்பு. கேளாமல் செய்வது வெறும் காவல்.

கடைசிப் பயணம்

எவலின் அம்மையார் 93 வயதுவரை குதிரையை விடவில்லை. அடிக்கடி விழத் தொடங்கிய பிறகுதான் மற்றவர்கள் வற்புறுத்தி நிறுத்த முடிந்தது. குதிரை போனது, பயணம் நிற்கவில்லை. ஊர் ஊராக அவரைத் தூளியில் வைத்துத் தோளில் சுமந்து சென்றார்கள் மலைமக்கள். யாருடைய புண்ணை அவர் கழுவினாரோ, யாருடைய பல்லைப் பிடுங்கினாரோ, அவர்களுடைய தோள்களே அவருக்குக் கால்களாயின. இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

அழகில் ஆசை கொண்டிருந்த அந்தப் பெண்மணியின் வீட்டில் கடைசி இருபது ஆண்டுகள் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. சுருக்கம் விழுந்த அந்த முகத்தைப்போல அழகான முகத்தைத் தாம் கண்டதில்லை என்று மகன் பிற்காலத்தில் எழுதினார்.

1974 டிசம்பரில், தமது 95-வது வயதில், எவலின் பிராண்ட் காலமானார். தமக்குப் பெட்டி வேண்டாம், ஒரு பருத்தித் துணி போதும் என்பது அவர் விருப்பம். உடம்பு மண்ணோடு கலந்து மண்ணுக்கு உரமாக வேண்டும் என்று விரும்பினார். அவ்வாறே செய்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அடக்கமான கணவரின் பக்கத்தில், கொல்லிமலையிலேயே, அவரும் உறங்குகிறார். மகன் டாக்டர் பால் பிராண்ட் 2003-ல் அமெரிக்காவில் காலமானார்.

இன்று செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. பஸ் நிலையம் உண்டு; அரசு ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் செம்மேட்டிலிருந்து விலகி, பள்ளத்திலும் மேட்டிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் இன்றும் பாட்டிகள் இருக்கிறார்கள். மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில், கம்பை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வேலை தேடிக் கீழே போய்விட்டார்கள்.

அவர்களில் ஒருவர் இன்று இரவு கீழே விழக்கூடும். விடியும்வரை அவர் தரையில் கிடப்பாரா, அல்லது விழாமலே தடுக்கப்பட்டிருப்பாரா? கையில் ஒரு பையும், தலையில் நல்ல பயிற்சியும், நெஞ்சில் கொஞ்சம் பொறுமையும் கொண்டு அந்த மேட்டில் ஏறிவரும் ஒரு நர்ஸைப் பொறுத்தது அது.